மலைநாட்டில் மூடிய ட்ரெய்லரை நிறுத்தி வைத்தல்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

மூடிய பெட்டி ட்ரெய்லரைக் குளிர்காலத்தில் நிறுத்துவது பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகள் கூரையில் சேரும் பனியின் பாரத்தைப் பற்றியே நிறையப் பேசும். இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ அம்பேவெலயிலோ அந்தக் கவலை கிடையாது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் துகள் உறைபனி விழும்; வெயில் ஏறியதும் போய்விடும். இங்கே ட்ரெய்லரைத் தின்பது ஈரம். அதிலும், வெளியிலிருந்து ஒழுகும் தண்ணீரைவிட உள்ளே வியர்க்கும் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது.

மேகமில்லாத இரவில் கூரைத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றின் ஈரப்பதம் 90 வீதம் இருக்கும்போது, தகடு இரண்டு பாகை குளிர்ந்தாலே உட்பக்கம் தண்ணீர் கட்டும். விடியற்காலையில் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ தலைகளிலும் ரிவெட்டுகளிலும்தான் முதல் துளி நிற்கும். இரும்புச் சட்டத்தோடு நேரே தொட்டுக்கொண்டிருப்பதால் அவைதான் முதலில் குளிர்கின்றன. உட்கூரைப் பலகையில் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் காப்பி நிறத்தில் வட்டம் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் இந்த வியர்வைதான். வெளியே எவ்வளவு சீலன்ட் பூசினாலும் நிற்காது.

நன்றாகப் பலன் தந்தது, ட்ரெய்லருக்கு மேலே தனியாக நாலு தூண் நட்டுப் போட்ட தகரக் கூரை. வானம் மறைந்தாலே பாதி வியர்வை குறையும். தறப்பாளை ட்ரெய்லர் மேலேயே இறுக்கிக் கட்டுவது மோசம்: ஈரம் அடைபடும், காற்றில் அடித்து அடித்துப் பெயின்டைத் தேய்க்கும்.

கூரைக்கு உள்ளே 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒட்டலாம். ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பின்பக்கம் தண்ணீர் கட்டிப் பலகை உளுத்துப்போகும். தின்னர் கலந்த பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும், தண்ணீர்ப் பசைதான் சரி. கூரை மூட்டுகளுக்குப் புளித்த வாடை வரும் சிலிக்கன் வேண்டாம். அதிலுள்ள அமிலம் கல்வனைஸ் தகட்டை அரிக்கும். அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கன் அல்லது பொலியூரிதேன் வாங்குங்கள்.

காற்றுத் துவாரம் முன்சுவரில் கீழே ஒன்று, பின்பக்கம் மேலே ஒன்று. எலி நுழையாமல் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். துவாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட் டப்பா வைப்பது வீண்செலவு. மலையின் மூடுபனி முழுவதையும் அது உலர்த்தாது. அதன் உப்புத் தண்ணீர் சிந்தினால் இரும்புக்கும் கேடு.

மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் விடாத நாட்களில் எந்தத் துவாரமும் உள்ளே உலர்த்தாது. பூஞ்சணத்துக்குத் தீனி இல்லாமல் பார்ப்பதே வழி. காட்போட் பெட்டி, துணி, மெத்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் கூடைகளில் போட்டு, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, சுவரில் படாமல் வையுங்கள். வெயில் கிடைத்தால் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து, பின்னேரம் மூடுபனி இறங்குமுன் சாத்திவிட வேண்டும்.

கீழ்ப்பகுதியில் முக்கியம் ஹேண்ட் பிரேக். அதை இழுத்து வைத்தால் பிரேக் ஷூ துருப்பிடித்து ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக்கை விடுவித்து, இரண்டு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். நிறுத்தும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். மலைச்சரிவில் கட்டையை மட்டும் நம்ப முடியாது. பேரிங்குக்குக் கிரீஸ் மாற்றிவிட்டு நிறுத்துவது நல்லது. பழைய கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஒயில் சீல்களையும் மாற்றுங்கள். அச்சை ஸ்டாண்டில் ஏற்றி, மாதம் ஒருமுறை சில்லைக் கையால் சுற்றிவிட்டால் பேரிங் உருளைகள் ஒரே இடத்தில் துருப்பிடிக்காது. பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும்.

ஏப்ரல் சீசனுக்கு வெளியே எடுக்கும்போது, சமதரையில் சில கிலோமீற்றர் இழுத்துச் சென்று நிறுத்தி, சில்லின் நடுவிலுள்ள ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஷூ உரசுகிறது, அல்லது பேரிங் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. றம்பொடை இறக்கத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்த பிறகு எந்த ஹப்பும் சுடும், பழுது எது என்று பிரித்தறிய முடியாது.