முந்திரித் தோப்புக்கு வாங்குன சோலார் விளக்குப் பொறி, ஒரு சீசன் ஓட்டிப் பாத்தாச்சு

தேவகோட்டை பக்கம் எங்க முந்திரித் தோப்புல போன ஐப்பசியில ராத்திரி வெளிச்சத்தக் காட்டி பூச்சிய இழுத்து தட்டுல விழ வைக்கிற இந்த சோலார் விளக்குப் பொறிய மாட்டுனேன், 3,200 ரூபா. கடையில "தேயிலைக் கொசு பூரா இதுல வந்து விழுந்துரும்ணே, மருந்தே வேண்டாம்"னாங்க, நம்பி வாங்கிட்டேன். பொருள் தரம்தான், மார்கழிப் பனியிலயும் பொழுது சாஞ்சா தானா எரிஞ்சுச்சு.

மறுநாள் காலையில தட்டைப் பாத்தா காண்டாமிருக வண்டு ரெண்டு, சாணி வண்டு, அந்துப்பூச்சி கும்பலா, கூடவே பச்சையா கண்ணாடி றெக்கைப் பூச்சி ஏழெட்டு. இதோட புழுதான் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னு நமக்கு வேலை பாக்குறது, அதைப் போய் காசு குடுத்து கொன்னுருக்கேன், மனசே கேக்கல. தேயிலைக் கொசு சீசன் முழுக்க ஒண்ணுகூட விழல. பேருதான் கொசு, அது சாறு உறிஞ்சுற நாவாய்ப்பூச்சி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி துளிர்ல உக்காந்து குத்திக்கிட்டு இருக்கும். ஒரு கொப்பை வளைச்சுப் பிடிச்சுப் பாத்தேன், முதுகுல குண்டூசி நட்ட மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு, குத்துன எடமெல்லாம் கறுத்து பூங்கொத்தே காஞ்சு தொங்குது. ஊர்ல வேப்பமரம் நுனி கருகுதுல்ல, அதுலயும் இதுக்குப் பங்கு உண்டு.

கிணத்தடி மரம் மட்டும் கருகவே இல்ல. அண்ணாந்து பாத்தா உச்சியில முசுறு எறும்புக் கூடு மூணு, தேயிலைக் கொசுவை அண்ட விடாம வச்சிருக்கறது அதுகதான். ஒரு வரிசை எறும்பு ரெண்டு இலையையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்க, இன்னொண்ணு தன்னோட புழுவை வாயில கவ்வி அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டி அது விடுற நூலாலயே தைக்குது, கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். பனாமாவுல டெர்ரி எர்வின்னு ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஒரே சாதி மரம் 19க்கு பூச்சிமருந்துப் புகை போட்டு, கீழ விழுந்த வண்டுல மட்டும் ஆயிரத்துக்கும் மேல வகை இருந்துச்சுன்னு 1982ல எழுதுனாரு. நம்ம தலைக்கு மேல அவ்வளவு கூட்டம் இருக்கையில ஒரு விளக்குக்கு எது நல்லது எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?

முசுறுலயும் தொல்லை உண்டு, பங்குனியில கொட்டை பறிக்கப் போனா கடிச்சுப் புடுங்கிரும், மாவுப்பூச்சியையும் காவல் காக்கும். இருந்தாலும் இந்த வருசம் மருந்து அடிக்காம, மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதுகளுக்குப் பாதை போட்டு விட்டுருக்கேன்.

முந்திரிக்குன்னா வாங்காதீங்க, 5க்கு 2தான் குடுப்பேன். பொறிய இப்ப தென்னைக்குப் பக்கத்துல எருக்குழி ஓரமா மாத்திட்டேன், தென்னையைக் குடையுற காண்டாமிருக வண்டுக்காக, அதுவும் ராத்திரி 7லேர்ந்து 9 வரைக்கும்தான், அப்புறம் அணைச்சிர்றது.