ஆப்பிள் அடுத்து எதை விடும்? நாள்காட்டியா, கசிவா, கவர் கடையா, யாரை நம்பிக் காத்திருப்பது

தர்மபுரி நான்கு ரோட்டைச் சுற்றிக் கல்யாண வீடியோ வேலை பார்க்கும் ஸ்டுடியோக்காரர்கள் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வாங்குமுன் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, இப்பவே எடுத்துடலாமா, புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?"

நியாயமான கேள்வி. லட்சத்தைத் தொடுகிற பொருள். 2024 தீபாவளி அக்டோபர் 31-ல் வந்தது. அதற்கு முந்தின நாள் தன் சொந்த எம்4 சிப் போட்ட மேக்புக் ப்ரோ லேப்டாப்பை அறிவித்த ஆப்பிள், அதே கையோடு அப்போது விற்பனையில் இருந்த எம்2, எம்3 மேக்புக் ஏர்களின் அடிப்படை ராமை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆக்கியது. விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. தீபாவளிச் சலுகை என்று முந்தின வாரமே 8 ஜிபி மாடலைத் தூக்கி வந்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

ஆக, அடுத்து என்ன வரும் என்று ஓரளவாவது கணிக்கத் தெரிந்தால் காசு மிஞ்சும். அதற்கு நாலைந்து வழிகள் உண்டு. எல்லாம் ஒரே தரம் கிடையாது. ஒரு விஷயத்தில் கில்லியாக இருப்பது இன்னொன்றில் சொதப்பும்.

முதலில் நாள்காட்டி. ஜூன் மாதம் டெவலப்பர் மாநாடு, அதில் புது மென்பொருள். செப்டம்பரில் ஐபோன். 2012-இலிருந்து முக்கிய ஐபோன் செப்டம்பரில்தான் வருகிறது. கொரோனா ஆண்டான 2020-ல் மட்டும் அக்டோபர் 13-க்குத் தள்ளிப்போனது. இந்த அளவுக்கு ஒழுங்கு தவறாத கம்பெனி கம்ப்யூட்டர் உலகில் அபூர்வம். போன் வாங்குகிறவருக்கு வேறு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. ஜூலை, ஆகஸ்டில் முழு விலை கொடுத்து ஐபோன் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மேக் விஷயத்தில் இதே நாள்காட்டி கொஞ்சம் தள்ளாடும். சிப் வந்த தேதிகளைப் பாருங்கள். எம்1 வந்தது 2020 நவம்பர் 10. எம்2 2022 ஜூன் 6. எம்3 2023 அக்டோபர் 30. எம்4 2024 மே 7. எம்5 2025 அக்டோபர் 15. இடைவெளி சுமாராக 19 மாதம், 17 மாதம், 6 மாதம், 17 மாதம். இதற்குச் சராசரி எடுத்து அடுத்த சிப்புக்கு நாள் குறிப்பவர் நடுவில் இருக்கும் அந்த 6-ல் இடறி விழுவார். எம்4 முதலில் வந்தது மேக்கில்கூட இல்லை, ஐபேட் ப்ரோவில்.

சிப்பை விட்டுவிட்டு மாடலைப் பிடித்தால் நாள்காட்டி மறுபடி நிமிர்ந்து உட்காரும். மேக்புக் ப்ரோ 2021, 2023, 2024, 2025 என நான்கு முறை அக்டோபரில் வந்திருக்கிறது. நடுவில் 2022 ஜூனில் 13 அங்குல மாடல் ஒன்றும், 2023 ஜனவரியில் மேடை விழா இல்லாமல் ஒரு முறையும் வந்தது. ஏர் 2024-லும் 2025-லும் மார்ச் முதல் வாரத்தில். இதை நம்மூர் முகூர்த்தக் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் ஸ்டுடியோக்காரருக்கு உதவும். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் வேலை குவியும். புரட்டாசியில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஐப்பசி பாதி அக்டோபரில்தான் பிறக்கிறது, ப்ரோ அறிவிப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. அப்படியானால் ஆவணிக்கு முன் வாங்குகிறவர் புதுசுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஆவணிச் சம்பாத்தியம் அந்தப் புது சிப்பின் வேகத்தை விடப் பெரிது. இரண்டு கேமரா 4கே ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் பழைய மெஷின் திணறி, தாலி கட்டுகிற இடத்தில் கலர் மாற்றினதும் படம் தடக்தடக் என்று குதிக்கிறதா, அப்போதே மாற்ற வேண்டியதுதான். மார்கழியில் வாங்குகிறவர் கதை வேறு. அக்டோபரில் வந்தது கையில் கிடைக்கும், பழசுக்கும் விலை இறங்கியிருக்கும்.

அடுத்து, கம்பெனி அறிவிக்குமுன்பே வெளியே வந்துவிடும் கசிவுச் செய்திகள். இங்கே ஆளுக்கு ஆள் தரம் மாறும். புளூம்பெர்க் நிருபர் மார்க் குர்மன் ஒரு ரகம். மேக்கில் இன்டெல் கம்பெனியின் சிப்பை விட்டுவிட்டுச் சொந்த சிப் போடப்போகிறார்கள், 2020 வாக்கில் தொடங்கும் என்று 2018 ஏப்ரலிலேயே அவரும் சக நிருபரும் எழுதினார்கள். 2020 ஜூன் 22 அன்று ஆப்பிள் அதையே மேடையில் சொன்னது. இரண்டு வருஷம் முன்னால்! நாள்காட்டி கோட்டை விட்ட அந்த எம்4 ஐபேட் விஷயத்தையும் விழாவுக்குச் சில நாள் முன்பு அவர்தான் எழுதினார். ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18-க்குப் பிறகு 19 வராது, எல்லா மென்பொருளும் ஒரேயடியாக 26-க்குத் தாவும் என்பதும் 2025 மே மாதமே வெளியே வந்துவிட்டது.

இணையத்தில் படம் போட்டுக் காட்டுகிற கசிவாளர்கள் இன்னொரு ரகம். 2021-ல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7 தட்டையான விளிம்போடு வரும் என்று படம் வரைந்து காட்டாத ஆளில்லை. வந்தது பழையபடி உருண்ட விளிம்பு. ஒரே மூலத்தைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டால் பத்துச் சாட்சி போலத் தெரியும். உண்மையில் சாட்சி ஒன்றுதான். தமிழ் யூடியூபில் வருகிற பாதி "கன்ஃபார்ம்" வீடியோக்கள் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது தொழிற்சாலைத் தகவல். இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு. ஐபோனுக்கு வெளிக்கூடு செய்கிற டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஓசூர் பக்கம்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கிராமங்களிலிருந்து நிறையப் பெண் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். "உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. தெரியாது. கூடு செய்கிற இடத்தில் கூட்டின் வடிவம்தான் தெரியும். எந்த சிப், எவ்வளவு ராம், என்ன விலை, எந்தத் தேதி என்பதையெல்லாம் கூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குகிறவருக்கு வேண்டியதோ அந்த நான்கும்தான். போதாததற்கு இங்கே நடப்பது போன் வேலை, மேக் வேலை கிடையாது. ஆலை பக்கத்தில் இருப்பதால் இந்தக் கணிப்பில் நமக்கு ஒரு அனுகூலமும் இல்லை.

உதிரிப்பாகத் தகவலை ஒழுங்காகச் சேகரித்துச் சொல்கிறவர் என்றால் தைவான் ஆய்வாளர் மிங்-சி குவோ. 2023 ஐபோன் லைட்னிங் என்ற பழைய சார்ஜ் போர்ட்டைக் கைவிட்டு யூஎஸ்பி-சிக்கு மாறும் என்று 2022 மே மாதமே சொன்னார், மாறியது. ஐபோன் 15 ப்ரோவில் அழுந்தாத பொத்தான் வரும் என்றும் சொன்னார். பிறகு 2023 ஏப்ரலில், தொழில்நுட்பச் சிக்கலால் அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவரே திருத்திச் சொன்னார். இந்த வழியின் பலம், பலவீனம் இரண்டும் அதிலேயே இருக்கிறது. பாகம் ஆர்டர் ஆனது தெரியும், அது பொருளில் ஏறுமா என்பது கடைசிவரை தெரியாது.

கவர் கடையும் இதன் கிளைதான். கசிந்த வரைபடத்தை நம்பி, போன் வருமுன்பே கவர் அடித்துவிடுவார்கள். 2011-ல் ஐபோன் 5 ஒரு பக்கம் மெலிந்து சரிந்த வடிவில் வரும் என்று நம்பிச் சில கம்பெனிகள் கவர் தயாரித்தே வைத்துவிட்டன. அக்டோபர் 4-ல் வந்தது ஐபோன் 4எஸ், அச்சு அசல் பழைய உடம்பு. அந்தக் கவர்களெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

நான்காவது வழி காகிதமும் குறியீடும். ரஷ்யா, கஜகஸ்தான் உள்ளிட்ட நாடுகளின் யூரேசியப் பொருளாதார ஆணையத்தில், குறியாக்க வசதியுள்ள சாதனத்தை விற்குமுன் பதிவு செய்ய வேண்டும். விழாவுக்குச் சில வாரம் முன்பு ஆப்பிளின் புது மாடல் எண்கள் அந்தப் பட்டியலில் தலைகாட்டுவது பல வருஷ வழக்கம். எண்ணைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இராது. ஆனால் வரப்போவது நிச்சயம் என்பதற்கு அதைவிடக் கெட்டியான அத்தாட்சி கிடையாது. மென்பொருள் குறியீடு இன்னும் சுவாரசியம். 2017 ஜூலைக் கடைசியில் ஹோம்பாட் ஸ்பீக்கருக்கான மென்பொருளை ஆப்பிள் தவறுதலாகப் பொதுவில் விட்டுவிட, டெவலப்பர்கள் அதைக் குடைந்து ஐபோன் எக்ஸின் முகப்பு உருவத்தையும் முகம் பார்த்துத் திறக்கும் வசதியையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். செப்டம்பர் 12-ல் போன் வந்தபோது ஆச்சரியப்பட ஆளில்லை. இது கம்பெனியே எழுதிய எழுத்து என்பதால் கசிவாளர் சொல்லை விட ஒரு படி மேல். என்ன, இப்படிப்பட்ட தவறு எப்போதாவதுதான் நடக்கும்.

மென்பொருளுக்கு வருவோம். இங்கே கணக்கே தலைகீழ். வன்பொருளில் தேதி சந்தேகம், ஆனால் அறிவித்துவிட்டால் பெரும்பாலும் சில வாரத்தில் கடைக்கு வந்துவிடும். 2017-ல் காட்டி 2019 மார்ச்சில் கைகழுவிய ஏர்பவர் சார்ஜர் மாதிரி விதிவிலக்குகள் குறைவு. மென்பொருளில் ஜூன், செப்டம்பர் இரண்டும் உறுதி, கைக்கு வருவதுதான் சந்தேகம். கிருஷ்ணகிரிப் பக்கம் பூவைப் பார்த்தே மாந்தோப்புக்குக் குத்தகை பேசுகிற வியாபாரிக்கு எப்போது காய்க்கும் என்பதில் குழப்பமில்லை, எவ்வளவு நிற்கும் என்பதில்தான் சூதாட்டம். ஜூன் மாநாடும் அப்படித்தான். ஒரே மவுஸ், கீபோர்டில் மேக்கையும் ஐபேடையும் இயக்கும் வசதியாக 2021 ஜூனில் காட்டிய யூனிவர்சல் கன்ட்ரோல் 2022 மார்ச்சில் வந்து சேர்ந்தது. 2024 ஜூனில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதிகளால் மேடை அதிர்ந்தது. செப்டம்பர் 16-ல் ஐஓஎஸ் 18 அது இல்லாமல் வந்தது, முதல் தவணை அக்டோபர் 28-ல்தான். நம் சொந்த விவரங்களைப் புரிந்துகொண்டு பேசும் புது சிரி குரல் உதவியாளரை 2025 மார்ச்சில் தள்ளிவைத்தார்கள். அதை நம்பி ஐபோன் 16 வாங்கினவர்கள் உண்டு. ஜூன் மாதம் ராத்திரி பத்தரைக்கு விழித்து உட்கார்ந்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் அன்று காட்டின வசதிக்காக எந்தச் சாதனத்தையும் வாங்காதீர்கள். கையில் வந்த வசதிக்கு மட்டும் காசு கொடுங்கள்.

கடைசி வழி, யாரும் மதிக்காதது: கம்பெனியே வெளிப்படையாகச் சொல்வது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 அக்டோபரில் யூஎஸ்பி-சி சட்டத்தை நிறைவேற்றியதும், சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவர் கிரெக் ஜோஸ்வியாக் அதே மாதம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் "சி போர்ட் வருமா?" என்று ஒரு வருஷம் விவாதம் நடந்தது. இதுவும் முழு உத்தரவாதம் இல்லைதான். சொந்த சிப்புக்கு இரண்டே வருஷத்தில் மாறிவிடுவோம் என்று 2020-ல் சொன்னவர்கள், மேக் ப்ரோவை 2023 ஜூனில்தான் முடித்தார்கள். இருந்தாலும் தரவரிசை போடச் சொன்னால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அப்புறம் மாடல் வாரியான நாள்காட்டி, அப்புறம் குர்மன், அப்புறம் பதிவுப் பட்டியல். குவோ பாகங்களுக்கு மட்டும். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

முதலிடம் ஏன் என்றால், பழைய மேக் வாங்குகிறவர்களுக்கு இதில்தான் காசு இருக்கிறது. 2025 ஜூன் மாநாட்டில் ஆப்பிள் தெளிவாகவே சொன்னது: இன்டெல் சிப் போட்ட மேக்குகளுக்கு, அந்த மாநாட்டில் காட்டிய டாஹோதான் கடைசி மேக் ஓஎஸ், அதாவது மேக்கை இயக்கும் மென்பொருள். அதுவும் எல்லா இன்டெல் மெஷினுக்கும் கிடையாது. 2019-ன் 16 அங்குல ப்ரோ, 2020-ன் ஐமேக் மாதிரிச் சிலவற்றுக்குத்தான். பெங்களூரில் ஐடி கம்பெனிகள் கழித்துக் கட்டுகிற இன்டெல் மேக்புக்குகள் ஓசூர் வழியாக இங்கே வந்துகொண்டே இருக்கும். 2020 இன்டெல் ஏரை "ஐ5, சூப்பர் கண்டிஷன், பேட்டரி புதுசு" என்று யாராவது நீட்டினால், டாஹோ அதில் ஏறாது என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள். அதே 2020-ன் எம்1 ஏர் கிடைத்தால் சில ஆயிரம் கூடக் கொடுத்தாவது அதையே எடுங்கள். டாஹோ ஏறும், ஃபேன் சத்தம் இருக்காது, எடிட்டிங்கிலும் அந்த இன்டெல்லை விட நன்றாகவே ஓடும்.