வாடகையிலேயே எல்லாம் அடக்கம்: மூன்று வருஷம் இருந்து பார்த்ததில்

கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அப்படி ஒரு அபார்ட்மென்டில் மூன்று வருஷமாக இருக்கிறேன். இதே மாதிரி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வருஷம் நிஜமாகவே நிம்மதி. மாதம் ஒரு தடவை பணத்தைப் போட்டால் வேலை முடிந்தது, எந்த பில்லுக்கு எது கடைசித் தேதி என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் எதிர்பார்க்காத இன்னொரு நல்லதும் உண்டு. தண்ணீர் பில்லை ஓனரே கட்டுவதால், குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் மறுநாளே பிளம்பர் வந்துவிடுவார். முன்பு இருந்த வீட்டில் பில் என் தலையில். ஃபிளஷ் டேங்க் ஒழுக்கைச் சரிபண்ண வைக்கவே இரண்டு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது.

சிக்கல் ‘அடக்கம்’ என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. மாதம் 200 யூனிட் வரைதான் கரண்ட் வாடகையில் சேரும், அதற்கு மேல் தனி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் வருஷம் தொடர்ந்து மூன்று மாதம், அறுபது எழுபது யூனிட் கூடுதல் என்று ஓனர் பணம் கேட்டார். எனக்கு முதல் சந்தேகம் கீசர் மேல். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட். சரி என்று அதைத் தொடுவதையே விட்டு, வீட்டில் எல்லோரும் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். அடுத்த மாதக் கணக்கு கொஞ்சம்தான் இறங்கியது.

அப்புறம் ஒரு நாள் விடிகாலை வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். தூசி படிந்த கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை மின்னிக்கொண்டிருந்தது. என் மீட்டரில் 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் வீடு முழுக்க அணைந்திருக்கும்போது மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ எங்கோ போகிறது! பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம். அது நின்றதும் விளக்கு மின்னுவதும் நின்றது. சில மாதம் முன்பு மோட்டாரை மாற்றியவர், பொது லைனை விட்டுவிட்டு என் மீட்டரிலிருந்து இணைப்புக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், மாதத்துக்குச் சுமார் அறுபது யூனிட். ஓனருக்கும் தெரியாது. வந்து பார்த்தார், மாற்றினார், வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். ஆனால் நான் இறங்கிப் பார்த்திருக்காவிட்டால் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இன்னொரு விஷயம், எந்த பில்லும் நம் பெயரில் வராது. முகவரிச் சான்றுக்கு ஏதாவது பில் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது, வாடகை ஒப்பந்தத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இன்டர்நெட் நின்றாலும் நாம் நேரே புகார் கொடுக்க முடியாது, ஓனர் போன் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் போன மாதம் இதே வீட்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன். இந்த முறை இரண்டு வரி சேர்த்து எழுதச் சொன்னேன்: பொது மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் என் மீட்டரில் வரக்கூடாது, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ரீடிங்கைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார், முதல் படத்தை அவரே எடுத்து அனுப்பினார்.