ஆஸ்ட்ரோசாட் டேட்டா: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

இஸ்ரோவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்றுதான் வடிவமைத்தார்கள். 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு பிஎஸ்எல்வி சி30 அதை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே கொண்டுபோனது. பத்து ஆண்டு தாண்டியும் அந்தத் தொலைநோக்கி வேலை செய்கிறது. அது எடுத்த டேட்டாவைச் சென்னையில் கல்லூரி லேபிலும் வீட்டு மேசையிலும் வைத்துப் புழங்கியதில் எது நன்றாக இருக்கிறது, எங்கே கை சுடும் என்பதை எழுதுகிறோம். எம்எஸ்சி பிராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

தாராளமாக எடுக்கலாம். பெங்களூருக்கு வெளியே பயலாலுவில் இருக்கும் ஐஎஸ்எஸ்டிசி-யின் (இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் டேட்டா மையம்) ஆர்கைவில் கணக்கு திறந்தால், பொதுவுக்கு வந்துவிட்ட டேட்டா இலவசம். ஆனால் ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் "இது எந்தச் சுற்றில் வந்தது?" என்று கேட்க வேண்டும். மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை விட்டதால் வருபவை.

சுற்று என்றால் பூமியை ஒரு முறை சுற்றிவருவது, ஏறக்குறைய 98 நிமிடம். செயற்கைக்கோள் 650 கிமீ உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில் ஓடுகிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் நம் தலைக்கு மேல் அது ஒருநாளும் வராது. கணக்குப் போட்டால் தெற்கு வானில் 35 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. பெங்களூரும் கிட்டத்தட்ட இதே அட்சரேகைதான். அதனால் அனேகமாக ஒவ்வொரு சுற்றிலும் அங்குள்ள ஆன்டெனாவின் பார்வைக்குள் வந்து போகும். டேட்டா இறங்குவதும் கட்டளை ஏறுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

சாய்வை இவ்வளவு குறைவாக வைத்ததற்குக் காரணம் தென் அட்லாண்டிக் பகுதி. அங்கே பூமியின் கதிர்வீச்சு வளையம் தாழ்ந்து இறங்குகிறது. 6 டிகிரி சாய்வில் போனால் அதன் வடக்கு ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுத் தப்பிக்கலாம். அந்த ஓரத்தைக் கடக்கும்போதும் மின்னூட்டத் துகள்களை எண்ணும் சிபிஎம் எச்சரிக்கும், உடனே டிடெக்டர்கள் தங்கள் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு டேட்டா இருக்காது. இலக்கைப் பூமி மறைக்கும் நேரத்துக்கும் இருக்காது. இரண்டையும் கழித்தால், எக்ஸ் கதிர்க் கருவிகளுக்குக் கடிகார நேரத்தில் பாதிகூடத் தேறுவதில்லை.

இந்த இடைவெளிகள் லைட் கர்வில், அதாவது நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் கோட்டில், பல்லுப்பல்லாகத் தெரியும். அதை அப்படியே காலவட்டங்களைத் தேடும் பவர் ஸ்பெக்ட்ரத்துக்குள் போட்டால் 5,860 விநாடிக்குப் பக்கத்தில் அழகான ஒரு உச்சி எழும், அதன் பாதியில் இன்னொன்று. புதிய காலவட்டம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும் நேரம். கெய்டைச் சந்திக்கப் போகும் முன் இந்த ஒன்றையாவது சரிபாருங்கள்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது தேதி: 2018 மார்ச். அந்த ஒரே மாதத்தில் மூன்று விஷயம் நடந்தது. புற ஊதாத் தொலைநோக்கியான யுவிஐடி-யின் அண்மைப் புற ஊதாச் சேனல் நின்றுபோனது. எக்ஸ் கதிர்களை எண்ணும் லாக்ஸ்பிசி-யின் மூன்று அலகுகளில் 30-ஆம் எண் வாயுக்கசிவால் அணைக்கப்பட்டது. 10-ஆம் எண்ணின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) நிலைதடுமாறியது. எனவே அதற்குப் பிந்தைய டேட்டா என்றால் தூரப் புற ஊதாவையும் லாக்ஸ்பிசி 20-ஐயும் நம்பித் திட்டமிடுங்கள். மூன்று அலகையும் கூட்டிப் போட்ட பழைய கட்டுரை ஒன்றின் முறையைப் பார்த்து 2020 டேட்டாவில் அப்படியே செய்தால் முழு வேலையும் வீண்.

எங்களுக்கு மிகவும் பிடித்த கருவி யுவிஐடி. 38 செமீ விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கி அது. ஒன்று 130 முதல் 180 நானோமீட்டர் வரையிலான தூரப் புற ஊதாவுக்கு. மற்றொன்றில் ஒளி பிரிந்து அண்மைப் புற ஊதாவுக்கும் கண்ணுறு ஒளிக்கும் போகும். இந்தப் புற ஊதா எதுவும் தரைக்கு வருவதில்லை, காற்று மண்டலமே விழுங்கிவிடும். ஒரே பார்வையில் 28 ஆர்க்நிமிடம் தெரியும், அதாவது ஏறத்தாழ முழுநிலா அளவு. இதற்கு முன்னிருந்த நாசாவின் புற ஊதாச் செயற்கைக்கோள் கேலெக்ஸ் 1.25 டிகிரியை ஒரே வீச்சில் பார்த்தது, ஆனால் விண்மீன் 5 ஆர்க்செகண்ட் அகலப் பொட்டாக விழுந்தது. யுவிஐடி-யில் அது 1.5 ஆர்க்செகண்ட் அளவுதான். கோளக் கொத்தின் நெரிசலான நடுப்பகுதியை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேலெக்ஸில் ஒரே வெளிச்சத் திட்டு. யுவிஐடி-யில் நீல விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இது சுற்றின் இரவுப் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 20, 30 நிமிடம். 10,000 விநாடி எக்ஸ்போஷர் என்றால் குறைந்தது ஆறேழு சுற்று, அதாவது பத்து மணி நேரத்துக்கு மேல். அந்த நேரமெல்லாம் செயற்கைக்கோள் ஆடாமல் நிற்பதில்லை, மெல்ல மிதந்துகொண்டே இருக்கும். அந்த மிதப்பைத் திருத்தத்தான் கண்ணுறு ஒளிச் சேனல் இருக்கிறது. அது அடிக்கடி எடுக்கும் படங்களில் விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, புற ஊதாவில் வந்த ஒவ்வொரு ஃபோட்டானையும் அதன் இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். திருத்தாமல் கூட்டினால் விண்மீன்கள் புழுப்போல நெளிந்து தெரியும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான சிசிடிலேப் மென்பொருள் இதற்கு வசதி. விண்டோஸில் ஓடும், கமாண்ட் லைன் தெரியாதவரும் கற்றுக்கொள்ளலாம். லெவல்-1 ஃபைலை (திருத்தாத மூல டேட்டா) ஏற்றுவது, சுற்றுவாரியாக மிதப்பைத் திருத்துவது, சுற்றுகளை ஒன்றோடொன்று பொருத்துவது, கூட்டுவது, கையா விண்மீன் பட்டியலை வைத்து ஆயத்தொலைவு கொடுப்பது என்று போகும். கூட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு நிறுத்தம் தேவை. ஒவ்வொரு சுற்றின் படத்தையும் தனியாகத் திறந்து, தனித்து நிற்கும் மூன்று விண்மீன்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று நடுவில், இரண்டு ஓரத்தில். எல்லாம் உருண்டையாக இருந்தால் சரி. ஒரு சுற்றில் மட்டும் முட்டை வடிவமாக இருந்தால் வேறு விண்மீனை வழிகாட்டியாக வைத்துத் திரும்பச் செய்யுங்கள், அப்போதும் சரிவராவிட்டால் அந்தச் சுற்றையே விட்டுவிடுங்கள். ஆயிரத்துச் சொச்சம் விநாடி போனால் போகட்டும். அதைச் சேர்த்தால் மொத்தப் படமும் மங்கும்.

பிரகாசமான விண்மீன்களில் இன்னொரு பொறி இருக்கிறது. டிடெக்டர் விநாடிக்குச் சுமார் 28.7 ஃப்ரேம் எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் விழுந்த பொட்டுகளை எண்ணுகிறது. ஒரே ஃப்ரேமில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் அதற்கு அது ஒன்றுதான். உண்மையில் ஒரு ஃப்ரேமுக்குச் சராசரி 0.5 ஃபோட்டான் வருகிறது என்று வையுங்கள், அதாவது விநாடிக்கு 14.35. பாய்சான் கணக்குப்படி குறைந்தது ஒரு ஃபோட்டானாவது விழும் ஃப்ரேம்கள் 39.3 சதவீதம். எனவே கருவி சொல்வது 11.3 மட்டும். வித்தியாசம் 0.26 மேக்னிட்யூட் (விண்மீனின் பிரகாச அளவு). இது அடிப்படைக் கணக்கு, முழுத் திருத்தம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. விநாடிக்கு ஒன்றிரண்டு எண்ணிக்கை உள்ள விண்மீனுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. பத்தைத் தொடும் எதையும் திருத்தாமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

எண்ணிக்கையை மேக்னிட்யூடாக மாற்றும் இடத்தில்தான் நல்ல மாணவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ஜீரோ பாயிண்டிலிருந்து (விநாடிக்கு ஒரு எண்ணிக்கை வந்தால் அமையும் மேக்னிட்யூட்) எண்ணிக்கையின் லாகை 2.5-ஆல் பெருக்கிக் கழிப்பதுதான் முறை. அந்த 2.5 நம்ம ஊரோடு தொடர்புள்ள எண். ஐந்து மேக்னிட்யூட் என்றால் நூறு மடங்கு என்ற அளவுகோலை 1856-இல் முன்வைத்த நார்மன் பாக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் நிற்கும், தமிழிலும் எழுத்து பொறித்த கருங்கல் தூண் அந்த வானாய்வகத்தினுடையது.

சிக்கல் ஜீரோ பாயிண்டில். எஃப்148டபிள்யூ ஃபில்டருக்கு 2017-இல் வெளியிட்ட மதிப்பு 18.016, 2020-இல் திருத்தியது 18.097. எஃப்169எம்-க்கு 17.455 என்பது 17.410 ஆனது. ஒன்று ஏறியது, மற்றொன்று இறங்கியது. இரண்டு ஃபில்டரையும் கழித்து நிறம் பார்ப்பவருக்கு, பழைய ஜோடிக்கும் புதிய ஜோடிக்கும் 0.126 வித்தியாசம் வரும். வெப்பநிலையைக் கணிக்கும் வேலையில் இது பெரிய தொகை. பழைய கட்டுரையின் அட்டவணையோடு உங்கள் எண்களை ஒப்பிடும்போது அவர்கள் எந்த ஆண்டின் மதிப்பை எடுத்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

சில இலக்குகளுக்கு யுவிஐடி ஃபைலே இருக்காது. பயப்பட வேண்டாம். பார்வைப் பரப்புக்குள் புற ஊதாவில் மிகப் பிரகாசமான விண்மீன் இருந்தால் டிடெக்டரைக் காப்பாற்ற அதை இயக்கவே மாட்டார்கள். பால்வெளித் தளத்தை ஒட்டிய எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களுக்கு இது அடிக்கடி நேரும்.

எஸ்எக்ஸ்டி, அதாவது 0.3 முதல் 8 கேஈவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) வரை பார்க்கும் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, பொறுமையைக் கேட்கும். சுற்றுவாரியாக வரும் ஃபைல்களில் அடுத்தடுத்த சுற்றுகளின் நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சும்மா ஒட்டினால் ஒரே ஃபோட்டான் இரண்டு முறை எண்ணப்படும். அதற்கென்று இருக்கும் மெர்ஜர் கருவியைப் பயன்படுத்துங்கள். படத்தின் மூலையில் வட்டம் போட்டுப் பின்புலம் எடுப்பதும் தவறு. இதன் கண்ணாடி ஒளியை மிக அகலமாகச் சிதறடிக்கிறது, 40 ஆர்க்நிமிடப் பரப்பில் மூலத்தின் (நீங்கள் பார்க்கும் பொருளின்) ஒளி படாத மூலை என்று ஒன்று கிடைப்பது அரிது. கருவிக் குழு தரும் வெற்று வானப் பின்புல ஃபைல்தான் சரி. எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் நிறமாலையை மாதிரியோடு பொருத்தும்போது 1.8, 2.2 கேஈவி பக்கத்தில் மிச்சம் தலைதூக்கினால் புதிய உமிழ்வுக் கோடு என்று எழுதிவிடாதீர்கள். அவை சிலிக்கானும் தங்கமும், கருவியின் சொந்த உடம்பு. கெயினின் சரிவை 1 என்று பூட்டி, ஆஃப்செட்டை மட்டும் விட்டால் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்து பெரும்பாலும் அடங்கிவிடும்.

லாக்ஸ்பிசி படம் எடுக்காது. சுமார் 1 டிகிரி அகலத்துக்குள் வரும் எல்லா எக்ஸ் கதிரையும் ஒன்றாக எண்ணும், பக்கத்து வீட்டு மூலம் பிரகாசமானது என்றால் அதுவும் உங்கள் கணக்கில் ஏறும். ஆனால் 10 மைக்ரோவிநாடி நேரத் துல்லியம் இருக்கிறதே, அதற்காகவே இதை எடுக்கலாம். கருந்துளை இரட்டைகளில் வேகமாக மினுங்கும் துடிப்பை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்க்க இது அருமையான கருவி. மங்கிய மூலங்களில் பின்புலம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதால், ஏற்ற இறக்கம் மூலத்தினுடையதா பின்புலத்தினுடையதா என்று பாருங்கள்.

கடின எக்ஸ் கதிர்க் கருவியான சிஇசட்டிஐ பற்றிச் சுருக்கமாக. 64 தொகுதி, ஒவ்வொன்றிலும் 256 பிக்சல், நான்கு கால்பகுதி. இரைச்சல் போடும் பிக்சல்களை நீக்கிவிட்டு, நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். 100 கேஈவி-க்கு மேல் செயற்கைக்கோளின் உடல் ஊடுருவத்தக்கதாகிவிடுவதால், தொலைநோக்கி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் காமா கதிர் வெடிப்புகளை இது பிடிக்கும். இப்படிப் பிடித்தவை 600-ஐத் தாண்டிவிட்டன. உங்கள் லைட் கர்வில் சில விநாடிக்கு ஒரு திடீர் எழுச்சி, நான்கு கால்பகுதியிலும் ஒரே நேரத்தில் வந்தால், அழிக்கும் முன் தேடிப் பாருங்கள்.

வேறு விண்கருவியோடு நேரம் ஒப்பிடுபவர்களுக்கு: ஆஸ்ட்ரோசாட்டின் விநாடிகள் 2010 ஜனவரி 1-இலிருந்து தொடங்குகின்றன, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் எக்ஸ் கதிர்க் கருவியான நைசருடையது 2014-இலிருந்து. எம்ஜேடி-க்கு (வானியலில் நாட்களை எண்ணும் பொது முறை) மாற்றியபின்தான் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் பைப்லைன் ஓட்டினால், சூடு தாங்காமல் ப்ராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குவது நல்லது. மழைக்காலத்தில் கரன்ட் போய்வரும், யுபிஎஸ் இல்லாமல் நீண்ட வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்ற ஓட்டம் விட்டுச்சென்ற அரைகுறை ஃபைலை அடுத்த ஓட்டம் முழுசு என்று எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் தொடங்கும்போது அவுட்புட் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். டவுன்லோட் செய்த ஜிப்பை உடனே பிரித்துச் சோதியுங்கள். ஒரு இலக்குக்குப் பல ஜிபி வரும், தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். லெவல்-1 மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள், மென்பொருள் புதுப்பித்த பின் எல்லாவற்றையும் அதிலிருந்துதான் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

முதன்முதலில் கை வைப்பவர்கள் தங்கள் ஆய்வு இலக்கை உடனே எடுக்க வேண்டாம். ரிஷப ராசிப் பக்கத்தில் எச்இசட் 4 என்ற வெள்ளைக் குள்ளன் இருக்கிறது. யுவிஐடி-யின் ஜீரோ பாயிண்டுகளை நிர்ணயித்ததே அதை வைத்துத்தான். அதன் டேட்டாவை இறக்கி, மிதப்புத் திருத்தம், ஃப்ரேம் நெரிசல் திருத்தம், அப்பர்ச்சர் திருத்தம் (எண்ணும் வட்டத்துக்கு வெளியே சிதறிய ஒளியைச் சேர்ப்பது) எல்லாம் செய்து, உங்கள் கையால் வரும் ஜீரோ பாயிண்டை 2020 மதிப்போடு ஒப்பிடுங்கள். 0.05-க்குள் வந்தால் உங்கள் இலக்கைத் திறக்கலாம். வராவிட்டால் சுற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து, முதல் சுற்றிலிருந்து மறுபடி பாருங்கள்.