கீப்பர் கிளாஸுக்கு மகளை அனுப்பி ஒரு வருஷம்

என் மகளுக்கு 12 வயசு, ஏழாவது படிக்கிறாள். சேலம் கோரிமேடு பக்கம் சனி, ஞாயிறு காலையில் நடக்கிற ஃபுட்பால் கோல்கீப்பர் கிளாஸில் 2025 ஜூன் மாதம் சேர்த்தேன். கீப்பருக்கென்று தனியாக ஒரு கிளாஸா, கொடுக்கிற காசுக்குச் சொல்லித் தருகிறார்களா, பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்று என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிற அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியாகச் சொல்லி விட்டுப்போவதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மாபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஃபுட்பாலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மகளோடு மைதானத்தில் நின்று தெரிந்துகொண்டதுதான்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கோடை முகாமில் சேர்த்திருந்தோம். உயரமாக இருக்கிறாள் என்று முதல் நாளே கோல் போஸ்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். இருபது பிள்ளைகள் வரிசையில் நின்று ஷூட் பண்ணப் பழகுவார்கள், இவள் நிற்பாள். எப்படிப் பிடிப்பது, எப்படி விழுவது என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்து உள்ளே போனால் மட்டும் சத்தம் வரும். மூன்றாவது வாரம் வலது கட்டை விரல் பின்பக்கம் மடங்கி நெல்லிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்று ராத்திரி அவள் வலியென்று அழவில்லை. "எனக்கு மட்டும் யாருமே எதுவும் சொல்லித் தரலைம்மா" என்றுதான் அழுதாள். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கிளாஸைத் தேட வைத்தது.

இங்கே முதல் நாள் யாரும் அவளைப் பார்த்துப் பந்தை உதைக்கவே இல்லை. மண்ணில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். அதில் கை வந்த பிறகு முட்டி போட்டு, அப்புறம் குத்த வைத்து, அப்புறம்தான் நின்று விழுவது. நின்று விழ விடுவதற்கே ஐந்து வாரம் ஆனது. வயிறு தரையில் படக்கூடாது, முழங்கையை ஊன்றக்கூடாது. இடுப்பின் பக்கம், விலா, தோள் என்று வரிசையாக மண்ணில் பட வேண்டும். ஒரு கை பந்துக்குப் பின்னால், ஒரு கை பந்துக்கு மேலே, மூன்றாவது கை தரை என்பார் கோச். மார்புக்கு மேலே வருகிற பந்துக்கு இரண்டு கட்டை விரலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு பந்தின் பின்பக்கம் இருக்க வேண்டும். தாழ வருகிற பந்துக்கு "கையை முறம் மாதிரி வை கண்ணு, அரிசி கீழே சிந்தக்கூடாது" என்பார். சுண்டு விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்து, பந்து அப்படியே மார்புக்கு ஏறி வரும். என் மகள் வீட்டில் தலையணையை வைத்து இதையேதான் பழகினாள்.

கோச் முன்பு ஒரு அரசு டிபார்ட்மெண்ட் டீமில் கீப்பராக ஆடியவர். இடது மோதிர விரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். கூடவே கல்லூரியில் படிக்கிற ஒரு அக்கா வருகிறாள், அவளும் கீப்பர். மொத்தம் 18 பிள்ளைகள், அதில் ஐந்து பேர் பெண்கள். மாதம் 1,200 ரூபாய். இரண்டு பேர் சேர்ந்து 18 பிள்ளைகளைப் பார்ப்பதால் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் கையையும் தொட்டுத் திருத்த நேரம் இருக்கிறது. இதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

எனக்கு மறக்கவே மறக்காத ஒரு காலை உண்டு. பெனால்டி புள்ளியில், அதாவது கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில், பந்தை வைத்தார். இரண்டு போஸ்டிலிருந்தும் ஒவ்வொரு கயிறு இழுத்து வந்து பந்து இருந்த இடத்தில் ஒரு முளையில் கட்டினார். என் மகளைக் கோட்டில் நிறுத்தி இரண்டு கையையும் விரிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் எவ்வளவோ இடம் காலியாக இருந்தது. "இப்ப ஒவ்வொரு அடியா முன்னாடி வா" என்றார். அவள் வர வர, கயிறு இரண்டும் அவளை நெருங்கி வந்தன. நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கும்போது அடியில் அகலமாக இருந்து முனையில் ஒன்றுமில்லாமல் முடியுமே, அதே முக்கோணம். எழுந்து போய் என் பையிலிருந்த இன்ச் டேப்பைக் கொடுத்தேன். கோல் கோட்டில் அகலம் 7.32 மீட்டர், ஐந்து டேப்புக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மீட்டர் முன்னால் வந்தால் கயிற்றுக்குக் கயிறு 4.66 மீட்டர்தான், மூன்று டேப்பும் மூன்றரை இன்ச்சும். "பார்த்தியா, நாலு எட்டு வெச்சதுல கோல் எவ்வளவு சின்னதாயிடுச்சு" என்றார். உடனே அவள் தலைக்கு மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு, ரொம்ப முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பதையும் காட்டினார். பெனால்டி உதைக்கும்போது இப்படி முன்னால் வர முடியாது, ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். இருபது நிமிஷம்தான். அன்றிலிருந்து அவள் நிற்கிற இடமே மாறிவிட்டது.

சின்னப் பிள்ளைகளைப் பெரிய கோலில் நிறுத்திப் பயமுறுத்துவதும் இங்கே இல்லை. பத்து வயசுக்காரர்களுக்குப் பெரிய போஸ்டுக்குள்ளேயே மூங்கில் நட்டு, மேலே கயிறு கட்டி, 16 அடி அகலம் 7 அடி உயரத்துக்குக் கோலைச் சின்னதாக்கிவிடுகிறார்கள். பந்தும் அவர்களுக்கு நாலாம் நம்பர்தான்.

சட்டத்தையும் சேர்த்தே பழக்குகிறார்கள். 2025-26 சீசனிலிருந்து கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர் அணிக்குக் கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கிற வாய்ப்பு. முன்பு 6 விநாடி, அதற்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாது, இன்னொருவர் தொட்ட பிறகுதான் கோல். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரல் விட்டு எண்ணுவார். பந்தைப் பிடித்ததும் மற்ற பிள்ளைகள் எல்லாரும் சத்தமாக எண்ண, எட்டுக்குள் யாருக்குப் போடுவது என்று பார்த்துப் போட வேண்டும். முதலில் மூன்றிலேயே பதறிப்போய் வீசிவிடுவாள். இப்போது ஆறு வரைக்கும் பொறுமையாகப் பார்க்கிறாள்.

ஜனவரியில் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு மேட்ச் பற்றி எழுதாமல் விட மனசில்லை. நாலு கோல் வாங்கினாள். அதில் மூன்றாவதுதான் அவளை உடைத்துவிட்டது. அவள் அணிப் பிள்ளையே காலால் பின்னால் தள்ளிய பந்தை, எதிராளி ஓடி வருகிற பதற்றத்தில் கையால் எடுத்துவிட்டாள். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்பது 1992லிருந்து சட்டம். விசில். கோலுக்கு ரொம்பப் பக்கத்தில் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ஒருத்தி தட்டிவிட, இன்னொருத்தி உள்ளே அடித்துவிட்டாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் அழுதுகொண்டேதான் எழுந்தாள். ஆனால் இந்தக் கிளாஸில் பழக்கிய மாதிரி இடது போஸ்டைத் தொட்டாள், வலது போஸ்டைத் தொட்டாள், நடுவில் வந்து நின்று தன் டிஃபென்ஸ் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். கோல் வாங்கினால் செய்ய வேண்டியது அதுதான் என்று பழக்கியிருக்கிறார்கள். நாலாவது கோலும் வந்தது. அதற்கப்புறமும் போஸ்டைத் தொட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கோச் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "எந்த அடியில தப்பு, நீயே சொல்லு" என்றார். சொன்னாள். அரை மணி நேரம் பேக் பாஸ், அதாவது தன் அணிப் பிள்ளை பின்னால் தள்ளுகிற பந்தை வாங்குவது மட்டும்தான். வலது காலில் வாங்கி இடது பக்கம், இடது காலில் வாங்கி வலது பக்கம். அந்த அக்கா ஓடி வந்து மறிப்பாள், இவள் காலாலேயே வெளியேற்ற வேண்டும். நாற்பது, ஐம்பது முறை இருக்கும். முடியும்போது அவள் முகத்தில் சனவரி மேட்ச் இல்லை.

கிளவுஸ் பற்றி என் தொழில் கண்ணோடு கொஞ்சம் சொல்கிறேன், புதுசாக வாங்குகிறவர்களுக்கு உதவும். முதலில் ஆன்லைனில் 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மூன்றே வாரத்தில் கட்டை விரல் பக்கம் தையல் விட்டுவிட்டது. பிரித்துப் பார்த்தால் விளிம்பில் தையலுக்கு விட வேண்டிய துணியே விடவில்லை. கிளாஸில் கிளவுஸ் விற்பதில்லை, எந்தக் கம்பெனி வாங்கு என்றும் சொல்வதில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லித் தருகிறார்கள். விரல் நுனிக்கு மேலே அரை விரல் இடம் இருக்க வேண்டும். ஃபிளாட் கட் என்றால் விரல்களின் தையல் வெளியே தெரியும், உள்ளே தாராளமாக இருக்கும், விட்டுப்போனால் நம்மாலேயே தைக்க முடியும். நெகட்டிவ் கட் என்றால் தையல் உள்பக்கம், விரலை இறுக்கிப் பிடிக்கும். மெல்லிய விரல் உள்ள பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் தையல் விட்டால் விரல் முழுவதையும் புரட்ட வேண்டும். இரண்டையும் மெஷினில் போடாதீர்கள், மெஷின் பாதம் ரப்பரில் தடம் பதித்துவிடுகிறது. நைலான் நூலில் கையால் போடுங்கள். ஆடப் போகும் முன் உள்ளங்கை ரப்பரைக் கொஞ்சம் நனைத்தால்தான் பந்து ஒட்டும். ஆடி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி, நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் ரப்பர் வறண்டு பொரிந்துவிடும். இரண்டாவது ஜோடி 1,100 ரூபாய், எட்டு மாதமாகத் தாங்குகிறது.

குறைகளையும் மறைக்க மாட்டேன். மைதானம் செம்மண், பொடிக்கல் நிறைய. தினமும் கிளாஸ் தொடங்கும் முன் பிள்ளைகள் வரிசையாக நின்று பத்து நிமிஷம் கல் பொறுக்குகிறார்கள், கோல் முன்னால் தண்ணீர் தெளிக்கிறார்கள். அப்படியும் முதல் மாதம் மகளின் இடுப்பு இரண்டு பக்கமும் தோல் வழண்டுவிட்டது. நான் பழைய டிராயரின் உள்பக்கம் இடுப்பெலும்பு வருகிற இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பருத்தித் துணி மூடித் தைத்துக் கொடுத்தேன். இப்போது மற்ற நாலு பெண் பிள்ளைகளுக்கும் அதேதான். பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடம் இல்லை, கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் கதவைத் திறந்துவிடுவதால் சமாளிக்கிறோம். இது சரியில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டேன், இன்னும் மாறவில்லை. கிளாஸ் இல்லையென்றால் ராத்திரி பத்தரைக்கு வாட்ஸப்பில் செய்தி வருகிறது. கடையைச் சாத்திவிட்டுத் தூங்கிப்போன நான் விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த நாள் இரண்டு.

ஆனால் பிள்ளைகளின் உடம்பு விஷயத்தில் இவர்கள் கவனத்தைக் கண்ணால் பார்த்தேன். தாழ வந்த பந்துக்கு விழுந்த ஒரு பையன் தலையில் இன்னொருவன் முட்டி பட்டுவிட்டது. இரண்டு நிமிஷத்தில் எழுந்து "ஒண்ணுமில்ல சார், ஆடறேன்" என்றான். கோச் விடவில்லை. நிழலில் உட்கார வைத்து, வீட்டுக்குப் போன் போட்டு, அவன் அப்பா வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வரை அந்த அக்கா பக்கத்திலேயே இருந்தாள். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மைதானம். அவன் அப்பா ஒரு வாரத்தில் கூட்டி வந்தபோதும் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கோச் சேர்த்தார்.

காலாண்டு லீவில் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம். 1,800 ரூபாய், தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து. பத்து நாள் முன்னால்தான் சொன்னார்கள், அது கொஞ்சம் சிரமம்தான். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். மேலே புல் தரை. என் மகள் புல்லில் விழுவது அதுதான் முதல் தடவை. "அம்மா, வலிக்கவே இல்லை" என்று திரும்பத் திரும்ப விழுந்தாள். மறுநாள் காலை பனிமூட்டம், எதிர் கோல் தெரியவில்லை, பந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்று பாடம் முழுக்க அதற்குத்தான். ஈரப் பந்தைப் பிடிக்க முடியாவிட்டால் முன்னால் தட்டிவிடாதே, எதிராளி காலுக்குத்தான் போகும், உள்ளங்கையால் ஓரமாகத் தள்ளு. போஸ்டுக்குப் பின்னால் துண்டு வைத்துக்கொள், நேரம் கிடைக்கும்போது கிளவுஸைத் துடை.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பீட்டர் தங்கராஜ் பற்றிச் சொன்னாராம் கோச். ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிறவராக ஆடத் தொடங்கி, பிறகு கீப்பராக மாறியவர். 1956, 1960 இந்திய ஒலிம்பிக் அணிகளில் இருந்தவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கீப்பர், 1967இல் அர்ஜுனா விருது. அந்த அக்கா அதிதி சௌஹான் பற்றிச் சொன்னாளாம், 2015இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்து ஆடிய நம் நாட்டுக் கீப்பர். என் மகள் இரண்டு பேரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

சேர்க்க நினைக்கிறவர்கள் காலை 5:45க்கே வந்துவிடுங்கள். பிள்ளைகள் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், கோச் அப்போதுதான் நின்று பேசுவார். முதல் இரண்டு கிளாஸுக்குக் காசு வாங்குவதில்லை. கிளவுஸ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முழங்காலை மூடுகிற பழைய பேண்ட் ஒன்று போதும். பெண் பிள்ளையாக இருந்தால் அளவு கொடுங்கள், இடுப்புக்கு ஸ்பாஞ்ச் வைத்து நானே தைத்துத் தருகிறேன்.