முதல் .32 ரிவால்வர்: மடிப்பா, பக்கவாட்டா, எடை குறைந்ததா?

தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் என் மாமாவிடம் கான்பூரில் செய்த ஒரு .32 ரிவால்வர் இருக்கிறது (.32 என்பது குழல் துளையின் அளவு, அங்குலக் கணக்கில்). கூலிப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்த காலத்தில் வாங்கியது. இத்தனை வருடத்தில் அதில் அவர் சுட்ட தோட்டாக்களை எண்ணினால் நூறைத் தாண்டாது. எண்ணெய் போட்டுத் துடைத்த ராத்திரிகள் அதைவிட எத்தனையோ மடங்கு. இப்போது அவர் மகனுக்கும் உரிமம் வந்திருக்கிறது. மச்சான் போன் போட்டு முதலில் கேட்டது, "எதுல ரேஞ்ச் ஜாஸ்தி?" நான் திருப்பிக் கேட்டேன், "எங்கே வைக்கப் போறே?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நம் ஊரில் ஒரு ரிவால்வரின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். வருடத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சிக்குப் போனால் அதிகம். நாடாளுமன்றத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் என்று ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். மிச்ச நாளெல்லாம் பீரோவுக்குள். அதுவும் உப்புக் காற்று வீசும் ஊரில். ஆக, சுடும்போது எப்படி என்பதைவிட, சும்மா கிடக்கும்போது எப்படி என்பதுதான் முதல் ரிவால்வருக்குப் பெரிய கேள்வி. இந்த அலசலை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

நமக்கு இருக்கும் தேர்வுகள் அமெரிக்காக்காரன் மாதிரி நூறு இல்லை. கைத்துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலிருந்தே சாதாரணக் குடிமகனுக்கு அடைபட்டுவிட்டது. 9 மி.மீ. போன்ற படை, காவல் துறை அளவுகள் சாதாரண உரிமத்தில் வராது. முக்கியமாக மிஞ்சுவது .32, .22. அதிலும் பெரும்பாலானோர் போய் நிற்பது அரசுத் தொழிற்சாலைச் சரக்கில்தான். 2021 அக்டோபர் 1 அன்று பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள் அல்லவா, அதில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏவெயில் நிறுவனத்திடம் இந்த ரிவால்வர்கள் போயின. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே குடும்பம்தான்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் தோட்டாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ".32" என்று சொன்னால் இரண்டு தோட்டா உண்டு. ரிவால்வருக்கானது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அதன் கூடு, அதாவது மருந்து இருக்கும் பித்தளைக் குப்பி, ஏறக்குறைய 23 மி.மீ. நீளம். பிஸ்டலுக்கானது ஏ.சி.பி.; கூடு 17 மி.மீ. சொச்சம். குட்டையானது ரிவால்வரின் சிலிண்டருக்குள் (தோட்டா போடும் துளைகள் உள்ள சுற்றும் உருளை) நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், ஆபத்தே அதுதான். அதன் அழுத்தம் அதிகம், ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கடையில் ".32 கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல் "ரிவால்வர் தோட்டா" என்று சொல்லி, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, முதலில் மாமாவிடம் இருக்கும் வகை. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் மார்க் 3. பழைய வெப்லி ரிவால்வரின் வம்சம்: பின்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினால் குழலும் சிலிண்டரும் கீல் போட்ட கதவு மாதிரி முன்னால் மடியும். மடியும்போதே நடுவிலிருக்கும் நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளும். எடை ஏறக்குறைய 700 கிராம், குழல் மூன்று அங்குலம்.

இந்த மடிப்பு முறையை இணையத்தில் பலரும் "தாத்தா காலத்து டிசைன்" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது ஒரு வசதி: மடித்தால் ஆறு துளையும் முகத்துக்கு நேரே தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டாம். துடைப்பதும் சுலபம், குழலுக்குப் பின்பக்கமாகவே குச்சியை விடலாம். குறைகளும் உண்டு. தயங்கித் தயங்கி மடித்தால் ஏதாவது ஒரு கூடு நட்சத்திரத் தகடுக்கு அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும். அப்போது மூடவும் முடியாது, எடுக்கவும் எரிச்சல். சுடாத தோட்டாவும் சேர்ந்தே வெளியே விழுந்துவிடும். எல்லாவற்றையும்விட, ரிவால்வரின் உறுதி முழுக்க அந்தக் கீலிலும் தாழ்ப்பாளிலும் நிற்கிறது. சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கையால் டப்பென்று அறைந்து மூடிப் பழகினால் சில வருடத்தில் தாழ்ப்பாள் தளரும். வாங்கும்போது கைப்பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே கட கட என்றால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று எடுத்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம், பட்டுப் புடவைக்கு அதைத்தானே செய்கிறோம்?

அடுத்தது பிரபல். பெயரைக் கேட்டால் நமக்குப் 'பிரபல நடிகர்' தான் ஞாபகம் வரும். இந்தியில் வலிமை மிக்கது என்று பொருள். 2023 ஆகஸ்ட் 18 அன்று ஏவெயில் வெளியிட்டது. தோட்டா இல்லாமல் 675 கிராம், குழல் 76 மி.மீ. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். மச்சானை மயக்கியது இதன் விளம்பரத்தில் சொன்ன 50 மீட்டர்தான்.

அந்த ஐம்பதைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்று அங்குலக் குழல், இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத பார்வைக் குறி. இதை வைத்துக்கொண்டு புதியவர் ஏழு மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஆறு தோட்டாவையும் போட்டாலே கை தேர்கிறது என்று அர்த்தம். தோட்டா ஐம்பது மீட்டர் போகும், உங்கள் கை போகாது. அதற்காகப் பிரபல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குவதற்கான காரணம் வேறு. பக்கவாட்டு முறையில் ரிவால்வரின் உடற்சட்டம் (ஃபிரேம்) ஒரே வார்ப்பாக மேலும் கீழும் மூடியிருக்கிறது, தளர்வதற்குக் கீல் இல்லை. கூடுகளை எவ்வளவு வேகத்தில் தள்ளுவது என்பது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. இங்கே கெடுவது சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை. மணிக்கட்டை உதறிச் சிலிண்டரைச் சட்டென்று உள்ளே அடித்தால் அந்தக் கை நூலிழை வளையும். பிறகு துளையும் குழலும் நேராக நிற்காது. இடது கையால் மெதுவாகத் தள்ளி மூடுவதுதான் முறை.

மூன்றாவது நிர்பீக். 2014 ஜனவரியில் பெண்களுக்கான ரிவால்வர் என்று சொல்லி வந்தது, அப்போதைய விலை 1,22,360 ரூபாய். நிர்பயா பெயரை நினைவுபடுத்தும் விதமாகப் பெயர் வைத்ததும், பாதுகாப்புக்கு இதுதான் பதிலா என்ற கேள்வியும் அப்போது பெரிய விவாதமாயின. அதை விடுங்கள், பொருளைப் பார்ப்போம். டைட்டானியக் கலவைச் சட்டம், எடை அரை கிலோ. கைப்பைக்கு நல்லதுதான். ஆனால் எடை குறைந்தால் கையாள்வது எளிது என்பது பாதி உண்மை. ஹாமரை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியல்) பின்னால் இழுக்காமல் டிரிகரை மட்டும் அழுத்திச் சுடும்போது விரல் பொதுவாக நான்கைந்து கிலோ அழுத்தம் தர வேண்டியிருக்கும். அரை கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் எடையைப் போல எட்டுப் பத்து மடங்கு இழுப்பது சுலபமா, 700 கிராம் பொருளிலா? கனம் கொஞ்சம் இருந்தால் முனை ஆடாது. .32 உதைப்பது குறைவு என்பதால் அந்த வகையில் கவலையில்லை; ஆட்டம்தான் பிரச்சினை. மச்சானின் மனைவி இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, கனமானதுதான் அடங்கி நிற்கிறது என்றார். விளம்பரம் எழுதியவர்கள் அவரைக் கேட்டிருக்கலாம்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, உப்பளத்துக்கு அது பொருத்தம்தானே என்று கேட்கலாம். சட்டம் துருப்பிடிக்காது, சரி. உள்ளே இருக்கும் வில், பின், திருகு எல்லாம் எஃகுதான். 'இது துருப்பிடிக்காத துப்பாக்கி' என்று நம்பித் துடைக்காமல் விடுபவர்தான் கடைசியில் ஏமாறுகிறார்.

இஷாபூரில் செய்யும் .22 நிடார் இன்னும் குட்டி. முதலும் கடைசியுமாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் உள்நாட்டிலேயே செய்யும் வெப்லி மார்க் 4 உண்டு, மடிப்பு முறை,.32. பெயருக்குக் கொடுக்கும் விலையா, பொருளுக்கா என்று கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய இறக்குமதி வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கைமாறும்போது சொல்லும் விலை தலை சுற்ற வைக்கும். அழகானவைதான், ஆனால் ஒரு வில் உடைந்தால் உதிரிக்கு எங்கே போவது? முதல் ரிவால்வராக வேண்டாம். யாராவது தாத்தாவின் ரிவால்வர் பெயர் மாற்றி வந்தே தீரும் என்றால், ஹாமருக்கு நேரே உள்ள துளையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுங்கள். பழையவை பலவற்றில், கீழே விழுந்தால் ஹாமர் தோட்டாவில் இடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு கிடையாது.

மச்சானுக்கு நான் சொன்னது: பிரபல், ஆனால் ஐம்பது மீட்டருக்காக இல்லை. மாமாவுடையது மாதிரி நல்ல மார்க் 3 இறுக்கமாகக் கிடைத்தால் அதுவும் சம்மதம், மிச்சப் பணத்தில் பயிற்சித் தோட்டா வாங்கலாம். நிர்பீக், தினமும் உடம்போடு எடுத்துப்போகும் கட்டாயம் இருப்பவருக்கு மட்டும்.

இனி பராமரிப்பு. சென்ற தேர்தலில் மாமாவின் ரிவால்வர் தோல் உறையோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது சிலிண்டரில் ஆரஞ்சுப் புள்ளிகள். நிலையத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை, தவறு எங்களுடையது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையில் போட்டு வைத்த துப்பாக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்த மாதிரி. உறை எடுத்துப்போக மட்டும்தான். உள்ளே செருகி வைத்த தோட்டாவின் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறும். ஏறிவிட்டால் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தோட்டாவைக் கடையில் காட்டி முறைப்படி ஒதுக்கிவிடுங்கள்.

துடைக்க உட்காரும்போது தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. திறந்து ஆறு துளையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். குழலுக்கும் துளைகளுக்கும் பித்தளை பிரஷ், பிறகு பருத்தித் துணி. பக்கவாட்டு வகையில் குழலை முன்பக்கத்திலிருந்துதான் துடைக்க முடியும். குச்சி குழல் வாயின் விளிம்பில் உரசாமல் பிடியுங்கள், அந்த விளிம்பு நசுங்கினால் குறி தப்பும். எல்லோரும் மறக்கும் இடம் நட்சத்திரத் தகட்டின் அடி. எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே ஒட்டினால் போதும், தகடு முழுசாகப் படியாமல் சிலிண்டர் சுற்ற அடம்பிடிக்கும். துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று கடைக்கு ஓடும் முன் பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேயுங்கள். கூடுகளைத் தள்ளும்போது குழலை வானம் பார்க்க வைத்துத் தள்ளினால் துகள்கள் அங்கே விழாது. சிலிண்டர் முகப்பில் வரும் கறுப்பு வளையங்களைச் சுரண்ட வேண்டாம், அழகைத் தவிர வேறொன்றும் கெடவில்லை.

எண்ணெய் சில சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத நேரத்தில் தையல் மெஷின் எண்ணெய் சமாளிக்கும். துளைகளுக்குள் எண்ணெய் தேங்கக் கூடாது, தோட்டாவின் பின்புறத்தில் இறங்கினால் வெடிக்காமலே போகலாம். கடைசியில் வெளிப்பக்கம் முழுக்க ஒரு முறை துடைத்து, அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடாமல் வையுங்கள். உப்பளத்து வியர்வையில் கைரேகை அப்படியே துருவாகப் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். டிரிகர் பக்கம் ஏதாவது கோளாறு என்றால் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது.

ஒப்படைக்கும்போது எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்து, ரசீதில் எண்ணோடு அப்போதைய நிலையையும் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலை, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்ப்பது. இரண்டு மாதத்தில் குளவி மண் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அடைப்போடு சுட்டால் குழல் பிளக்கும்.

வீட்டில், பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கி, வேறு பூட்டில் தோட்டா. துப்பாக்கிப் பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மாமா கேமராக் கடையில் வாங்கும் நீல மணிகளைத்தான் போடுகிறார், இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுவார். தூத்துக்குடியில் அது எவ்வளவு சீக்கிரம் நிறம் மாறுகிறது என்று பார்த்த பிறகுதான் மச்சான் ரேஞ்ச் பற்றிப் பேசுவதை நிறுத்தினான்.