ஆர்செட்டி தையல் பயிற்சி: போகலாமா?

ஆர்செட்டி என்றால் மாவட்டத்துக்கு ஒன்று என வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையம், ஊரில் கேட்டால் 'பேங்க் டிரெயினிங்' என்பார்கள். எங்கள் மாவட்ட மையத்தில் 30 நாள் தையல் வகுப்பு முடித்தேன். கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்க இடமும் இலவசம், ஆனால் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை விடமாட்டார்கள்.

என் பேட்ச்சில் பாதிக்கு மேல் மகளிர் குழு அக்காக்கள், அப்புறம் புதிதாகக் கல்யாணமானவர்கள், டிகிரி முடித்தும் வேலை கிடைக்காத சிலர். நன்றாகத் தேறியது, வீட்டில் ஏற்கெனவே மெஷின் வைத்து சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். லைனிங் ஜாக்கெட்டில் கை சேரும் முண்டா வளைவு சரியாக வராமல் திண்டாடியவர்கள் அதைக் கற்றுக்கொண்டதும் கூலியை ஏற்றிவிட்டார்கள். பெடல் மிதிக்கவே அங்கே வந்து பழகியவர்களுக்கு 30 நாள் பத்தாது, கட்டிங் பிடிபடும் நேரத்தில் வகுப்பே முடிந்துவிடுகிறது. சம்பள வேலை தேடி வந்த டிகிரிப் பெண்கள்தான் பாவம், இது அதற்கான இடமே இல்லை. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா கோயில் சார்ந்த அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்த ருட்செட்டி என்ற பயிற்சி நிலையத்தைப் பார்த்துத்தான் இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள், அங்கேயும் நோக்கம் சொந்தத் தொழில்தான். அதனால்தான் தையலுக்கு நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு இடது கையால் கட்டை அடுக்குவது, வளையம் எறிவது என்று விளையாட்டெல்லாம் வரும். முதலில் கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு தள்ளி நின்று எறிவது என்று நாமே முடிவெடுக்கும்போது யார் எவ்வளவு துணிவார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

சான்றிதழைக் காட்டினால் உடனே லோன் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். மையம் கடன் மனுவை வங்கிக்கு அனுப்பிவைக்கும், கொடுப்பதும் கொடுக்காததும் கிளை மேனேஜர் கையில். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு கடனுக்கு அடமானமே தேவையில்லை, ஆனாலும் நான் போன கிளையில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்கள். பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை மையத்திலிருந்து விசாரிப்பார்கள், போன் வந்தால் எல்லாம் நல்லபடி போகிறது என்று மரியாதைக்குச் சொல்லாமல் இந்த இழுபறியைச் சொல்லுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் தினமும் வந்துபோக விடுவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ கொண்டுபோக வேண்டும். ஆள் சேர்ந்தால்தான் பேட்ச் தொடங்கும், பெயர் கொடுத்துவிட்டு அவர்களே கூப்பிடுவார்கள் என்று சும்மா இருக்காதீர்கள்.